மதகடியில் இறங்க வேண்டியவர்கள்

எங்கள் ஊரில் ரயில் நின்ற காலம் ஒன்று உண்டு, நிற்காமல் போன காலம் ஒன்று உண்டு. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, வீடு கண்ணெதிரே தெரிந்தும் இறங்க முடியாமல் போனவர்களின் கதை இது. ஊருக்குப் பெயர் மதகடி. ஏரி மதகுக்கு அடியில் இருந்ததால் அந்தப் பெயர் என்பார்கள். ஏரியை மனை போட்டு விற்றபோது மதகு போயிற்று, பெயர் மட்டும் மஞ்சள் பலகையில் மூன்று மொழியில் மிச்சம் இருந்தது, பிறகு பலகையும் போயிற்று. சென்னையிலிருந்து வரும் மின்சார ரயிலில் எங்களுக்கு அடுத்த ஸ்டேஷன் பெருந்தாங்கல். அங்கே மார்க்கெட் உண்டு, இரண்டு சினிமாக் கொட்டகை உண்டு, பஸ் ஸ்டாண்டு உண்டு. எங்களுக்கு இருந்தது ஸ்டேஷன் ஒன்றுதான். அதையும் நாங்களே கொன்றோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் ஊரில் வேறு யாரைக் கேட்டாலும் அதை மட்டும் கடைசிவரை சொல்லமாட்டார்கள்.

அது சும்மா வந்த ஸ்டேஷன் இல்லை. அதற்கு முன்பெல்லாம் வண்டி எங்கள் வயிற்றின்மேல் ஓடுவதுபோல ஊரை அதிரவைத்துக்கொண்டு நிற்காமல் போகும், நாங்கள் பெருந்தாங்கலில் இறங்கித் தண்டவாளத்தோரமாகவே ஜல்லியில் கால் இடறி நடந்து வருவோம், மழைக்காலத்தில் பாம்பு கடித்தவர்களும் உண்டு, பிரசவத்துக்குப் போகும் வழியிலேயே பெற்றவர்களும் உண்டு. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் ஊரே தண்டவாளத்தில் போய் நின்றது. பெண்கள் குடத்தோடு நின்றார்கள், சிலர் ஆட்டையும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எல்லோருக்கும் முன்னால் நின்றவர் கட்டட மேஸ்திரி கோதண்டம். போலீஸ் அடித்த அடியில் அவருடைய வலது கால் அதற்குப் பிறகு நேராக நிற்கவே இல்லை, ஆனால் ஸ்டேஷன் வந்தது: இரண்டு பக்கமும் பிளாட்பாரம், அதில் ஒன்றின் நடுவில் ஒரு புங்க மரம், தீப்பெட்டி அளவுக்கு ஒரு டிக்கெட் கவுண்டர். முதல் வண்டி நின்ற அன்று வாழைமரம் கட்டி, டிரைவர் கழுத்தில் மாலை போட்டு, எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தோம். கோதண்டம் விந்தி விந்தி நடந்துபோய் முதல் டிக்கெட்டை வாங்கினார், எங்கும் போகவில்லை, அதைக் கொண்டுவந்து சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினார்.

பிறகு எங்கள் ஊருக்குப் புத்தி வந்தது. சென்னையிலிருந்து மதகடிக்கும் பெருந்தாங்கலுக்கும் மாதப் பாஸ் ஒரே விலைதான் என்பதை யார் முதலில் கண்டுபிடித்தார்கள் என்று தெரியவில்லை, ஆளாளுக்கு நான்தான் என்று சொல்லிக்கொண்டார்கள். ஒரே விலை என்றால் பெருந்தாங்கல் வரைக்கும் போட்ட பாஸை வாங்கிக்கொண்டு மதகடியில் இறங்கினால் யார் கேட்பார்கள்? ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்கும் அதே பாஸ், மார்க்கெட்டுக்கும் அதே பாஸ். கொஞ்ச காலத்தில் ஊரே பெருந்தாங்கல் கவுண்டரில் போய் வரிசையில் நின்று பாஸ் வாங்கியது. எங்கள் கவுண்டரில் இருந்த குமாஸ்தா நாற்காலியைச் சாய்த்துப்போட்டுத் தூங்கினார். இன்னமும் மதகடி என்று பெயர் போட்ட பாஸ்தான் வாங்குவேன் என்று இருந்தவர்கள் ஒரு கைப்பிடிதான், அவர்களுக்கு நாங்கள் வைத்த பெயர் பிழைக்கத் தெரியாதவர்கள்.

அந்தப் பிழைக்கத் தெரியாதவர்களில் ஒருவர் சபாபதி வாத்தியார், எந்தக் காலத்திலும் கையில் குடை இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. இன்னொருத்தி கோதண்டத்தின் மகள் சுலோச்சனா. கோதண்டம் சாகக் கிடந்தபோது அவளைக் கூப்பிட்டு, "நம்ம ஊரு பேரு போட்ட டிக்கெட்டா பாத்து வாங்கும்மா. இல்லன்னா இந்த ஊர்ல யாரும் ஏறவே இல்லன்னு பூடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவளுக்கு வேலை பாரிமுனையில் ஒரு பைண்டிங் ஆபீஸில், புத்தகத்துக்குக் கோந்து தடவி அட்டை ஒட்டுவது. புருஷன் ஏகாம்பரம், ஸ்டேஷன் வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருந்தார். ஊர்க்காரர்கள் காலையில் விட்டுவிட்டுப் போகும் சைக்கிள்களைத் துடைத்து, காற்றடித்து, பஞ்சர் இருந்தால் ஒட்டி, சாயங்காலம் கையில் கொடுப்பார்.

அவரே அவளிடம் சொல்லிப் பார்த்தார். "ஊரே அங்கதான் வாங்குது. நீ ஒருத்தி இங்க வாங்கி இன்னா ஆவப் போவுது?"

"ஒருத்தி ஏறினான்னாவது இருக்கட்டுமே" என்றாள் அவள்.

அவர்களுக்கு ஒரே பெண், எழிலரசி, அப்போது தவழுகிற வயது. பகலெல்லாம் அப்பாவோடு ஸ்டாண்டில் சைக்கிள்களுக்கு நடுவே தவழ்ந்து சங்கிலி மையைக் கன்னத்தில் பூசிக்கொண்டு திரியும். சாயங்கால வண்டியில் சுலோச்சனா இறங்கி வந்ததும், முகம்கூடக் கழுவாமல், கொட்டகைக்குள் கோணிப்பை மறைப்புக்குப் பின்னால் உட்கார்ந்து அதற்குப் பால் கொடுப்பாள். பிறகு அவளுடைய லேடீஸ் சைக்கிளில் பையை மாட்டி, குழந்தையை ஏகாம்பரம் தோளில் தூக்கிக்கொண்டு, மூவரும் ஊர்க்கோடியில் இருந்த வீட்டுக்கு நடப்பார்கள்.

ஸ்டேஷனை மூடப்போகிறோம் என்று அறிவிப்பு ஒட்டத்தான் ஒட்டியிருந்தார்கள். ஆனால் அதை ஒட்டிய இடம் டிக்கெட் கவுண்டரின் கண்ணாடி. அந்தப் பக்கம் போகிற பழக்கம் எங்களில் யாருக்கு இருந்தது? போகிற பழக்கம் இருந்தவர்களுக்கோ பாஸ் முடிய இன்னும் நாள் இருந்தது. காலையில் எப்போதும்போல வண்டி நின்றது, எப்போதும்போல ஏறிப் போனார்கள். மத்தியானம் நான்கைந்து பேர் வந்து கவுண்டருக்குக் குறுக்கே பலகை அடித்தார்கள், பெயர்ப் பலகையைக் கழற்றித் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள், குமாஸ்தா தன் நாற்காலி மெத்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர்களோடு போனார். சாயங்காலம் வண்டி வந்தது, ஊர்க்காரர்கள் எல்லாம் வாசலில் முண்டியடித்து இறங்கத் தயாராக நின்றார்கள், வண்டி வேகத்தைக் குறைக்காமல் அப்படியே போய்விட்டது.

பெருந்தாங்கலில் இறங்கி, டிரைவரின் பரம்பரையையே இழுத்துத் திட்டிக்கொண்டு, பழைய காலம்போல ஜல்லியில் நடந்து எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். ஏகாம்பரம் பசித்து அழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். சுலோச்சனா வரவில்லை.

"எங்க பக்கத்துலதான் நின்னுது" என்றார்கள் லேடீஸ் பெட்டியில் வந்தவர்கள். "பெருந்தாங்கல்ல எறங்கிட்டுத் திரும்பிப் பாக்கறோம், ஆளக் காணோம்."

வாத்தியாரும் வரவில்லை. இன்னும் சில வீடுகளில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. போலீஸில் சொன்னார்கள், ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள், தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் முள்ளுச்செடியை விலக்கித் தேடினார்கள். மறுநாள் சாயங்காலம் அதே வண்டி எங்கள் ஊரைக் கடந்தபோது, வேறு எங்கே நிற்பது என்று தெரியாமல் வெறும் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்த ஏகாம்பரம், லேடீஸ் பெட்டி வாசலில் கத்திரிப்பூ நிறச் சேலையும் தோளில் பையுமாக, இறங்குவதற்காக ஒரு காலை முன்னே வைத்தபடி நின்ற தன் பெண்டாட்டியைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். இரண்டு பெட்டி தள்ளி வாத்தியார் குடையோடு நின்றார்.

யார் யார் போனார்கள், யார் யார் வந்தார்கள் என்று சேர்த்துப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. மதகடி என்று பாஸில் போட்டிருந்தவர்கள் அத்தனை பேரும் வண்டியிலேயே இருந்தார்கள்; பெருந்தாங்கல் என்று போட்டிருந்தவர்கள் அத்தனை பேரும் வீட்டுக்கு வந்து குழம்பு ஊற்றிச் சாப்பிட்டார்கள். பாஸில் என்ன ஊர் போட்டிருக்கிறதோ அந்த ஊர் வரைக்கும்தானே மனுஷன் போக முடியும், அந்த ஊரே இல்லை என்று ஆகிவிட்டால் போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான். இதில் ஆச்சரியப்பட்டவர்கள் எங்கள் ஊரில் யாரும் இல்லை. வெட்கப்பட்டவர்கள் உண்டு.

அவர்களை இறக்க என்னென்னவோ செய்து பார்த்தோம். சென்னையில் அதே வண்டியில் ஏறிப் பெட்டி பெட்டியாகத் தேடினோம், அந்த இடங்களில் வேறு யார் யாரோ உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். ஊர் வருகிற நேரத்தில் சங்கிலியை இழுத்து நிறுத்தினோம். வண்டி நின்றதும் வாசலில் அவர்கள் இல்லை, அபராதம் மட்டும் வந்தது. ஓடுகிற வண்டியில், எங்கள் பிளாட்பாரத்திலிருந்து பார்க்கிறவர்களின் கண்ணுக்கு மட்டும்தான் அவர்கள் இருந்தார்கள். ஒரு நாள் ஏகாம்பரம் பெண்களிடம் கெஞ்சி அனுமதி வாங்கிக்கொண்டு லேடீஸ் பெட்டி வாசலிலேயே வந்தார். பிளாட்பாரத்தில் நின்ற நாங்கள் இரண்டு பேரையும் பார்த்தோம். கம்பியைப் பிடித்துக்கொண்டு இங்கும் அங்கும் கண்ணைத் துழாவவிட்டபடி அவர் நிற்கிறார், அவருக்கு ஒட்டினாற்போல அவள் நிற்கிறாள், அவருடைய சட்டைக் காலரை மடித்துச் சரிசெய்துகொண்டிருக்கிறாள், அவருக்குத் தெரியவில்லை. அவர் பெருந்தாங்கலில் இறங்கி நடந்து வந்ததும் நடந்ததைச் சொன்னோம். "அழுதாளா?" என்று கேட்டார். நாங்கள் எல்லோரும் புங்க மரத்தைப் பார்த்தோம்.

பெரிய ஆபீஸுக்கு மனு எடுத்துக்கொண்டும் போனோம். அதிகாரி நல்ல மனிதர்தான், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார், ஃபைலைப் புரட்டிவிட்டு எங்களைப் பார்த்து, "உங்க ஊர்ல யாரும் ஏறினதா கணக்கே இல்லையே?" என்று கேட்டார். கோதண்டம் விந்தி விந்தி நடந்து போனது எல்லோருக்கும் ஞாபகம் வந்திருக்கும், எனக்கு வந்தது. திரும்பி வரும்போது டிக்கெட் பரிசோதகர் கேட்டார், எல்லோரும் பாஸை எடுத்து நீட்டினோம், எல்லாவற்றிலும் பெருந்தாங்கல் என்றுதான் போட்டிருந்தது.

பிறகு ஊர் பழகிக்கொண்டது, ஊர் எதற்குத்தான் பழகாது? சாயங்கால வண்டி வருகிற நேரத்துக்கு அந்தந்த வீட்டுக்காரர்கள் பிளாட்பாரத்தில் போய் அவரவர் ஆள் நிற்கும் வாசல் எந்த இடத்தில் கடக்குமோ அந்த இடத்தில் நிற்பார்கள், இடம் தப்பாமல் இருக்கத் தரையில் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தார்கள். வண்டியில் இருப்பவர்கள் பேசுவது நமக்குக் கேட்காது, வாயசைவுதான் தெரியும். நாம் கத்துவது அவர்களுக்குக் கேட்டது. வண்டி கண்ணிமைக்கிற நேரத்தில் போய்விடும் என்பதால் ஒரு நாளைக்கு ஒரு சங்கதிதான் சொல்ல முடியும். "மாடு கன்னு போட்டுச்சு!" "அத்த செத்துட்டாங்க!" "பாஸ் பண்ணிட்டான்!" இப்படிச் சுருக்கிப் பேசிப் பழகி, அந்த வீடுகளில் வீட்டுக்குள்ளேயும் யாரும் நீட்டிப் பேசாமல் ஆகிவிட்டார்கள். முதலில் சாப்பாட்டுப் பொட்டலம் வீசினார்கள், அது வேறு யார் மடியிலேயோ விழுந்து சண்டையாகிப் போலீஸ் வந்தது, அதை விட்டுவிட்டார்கள். முன்பெல்லாம் ஆயுத பூஜைக்கு ரயில் பெட்டியில் வாழைக்கன்று கட்டிப் பொரி கடலை கொடுத்துக் கொண்டாடுவோம், இப்போது வண்டி நிற்காத பிளாட்பாரத்தில் கட்டினார்கள். ரேஷன் கார்டில் பெயரை எடுக்கவில்லை. நெற்றிப் பொட்டை யாரும் அழிக்கவில்லை. தினமும் சாயங்காலம் புருஷன் முகத்தைப் பார்க்கிறவளை யார் என்ன சொல்ல முடியும்?

ஆனால் வண்டியில் இருந்தவர்களுக்கு வயது ஏறவில்லை. வாத்தியார் சம்சாரம் சில வருஷம் முன்வரிசையில் நின்றார், தலை நரைக்க ஆரம்பித்ததும் புங்க மரத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்று பார்க்கத் தொடங்கினார். "அவரு அப்படியே இருக்காரு. என்னப் பாத்தா யாரோ கெழவின்னு நெனச்சிக்குவாரு" என்றார். வாத்தியார் ஒவ்வொரு நாளும் காலியாக இருந்த சுண்ணாம்பு வட்டத்தை எட்டிப் பார்த்துக்கொண்டு போனார். அதைப் பார்க்கத்தான் எங்களால் முடியவில்லை.

முடியவில்லை என்றால் மனுஷன் என்ன செய்வான்? கோபப்படுவான். "யாரு அவங்கள அந்தப் பாஸ வாங்கச் சொன்னது? ஊரோட ஒத்து வாழணும்" என்று முதலில் டீக்கடையில் ஒருவர் சொன்னார், பிறகு பலர் சொன்னார்கள். அந்த வீட்டுக்காரர்கள் எதிரில் வந்தால் வேறு தெருவில் திரும்பினோம். சாயங்கால வண்டியில் வரும்போது மதகடி வந்ததும் எல்லோரும் தலையைக் குனிந்துகொள்வோம். நம் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்.

டிக்கெட் விஷயத்திலும் பயந்துபோனோம். பூட்டிய கவுண்டரைப் பிள்ளைகள் எப்படியோ திறந்து உள்ளே கட்டுக்கட்டாக இருந்த பழைய அட்டை டிக்கெட்டுகளை எடுத்து ரயில் விளையாட்டு விளையாடினார்கள். எல்லாமே போகவர டிக்கெட், பாதியில் கிழித்தால் ஒரு பாதி திரும்பி வருவதற்கு, அதில் மதகடி என்று அச்சடித்திருந்தது. யாராவது ஒரு பிள்ளை அதைப் பையில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறித் தொலைத்தால்? வீடு வீடாகச் சோதனை போட்டோம், ஒளித்து வைத்த பிள்ளைகளை அடித்தோம், பிளாட்பாரத்திலேயே குவித்துக் கொளுத்தினோம். ஒன்றே ஒன்று தப்பியது. அதை ஏகாம்பரம் எடுத்துப் பஞ்சர் ஒட்டும் டப்பாவில், உப்புத்தாளுக்கு அடியில் வைத்திருந்தார் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

அவருடைய கணக்கு எளிமையானது. குழந்தை வளரட்டும், அதை ஒருத்தன் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டு, சென்னைக்குப் போய் அந்த டிக்கெட்டோடு சாயங்கால வண்டியில் ஏறி அவள் பக்கத்தில் போய் நின்றுவிடுவது. எத்தனையோ வருஷம் அந்த ஒரு நினைப்பில்தான் சைக்கிள்களுக்குக் காற்றடித்தார். வண்டியில் போனவர்களின் சைக்கிள்கள் அவரிடமே நின்றன, ஒன்றையும் அவர் விற்கவில்லை, காலையில் துடைத்துக் காற்றுப் பார்ப்பார், வந்து இறங்கினால் ஓட்டிக்கொண்டு போக வேண்டுமே.

எழில் அந்தப் பிளாட்பாரத்தில்தான் வளர்ந்தாள். முளைத்த பல்லைக் காட்ட அவளைத் தூக்கிப் பிடித்தார், பள்ளிக்கூடச் சீருடையில் தூக்கிப் பிடித்தார், தூக்க முடியாத வயது வந்ததும் பக்கத்தில் நிறுத்தினார். மஞ்சள் நீராட்டு அன்று மாலையும் கழுத்துமாக ஊர்ப் பெண்கள் அவளைப் பிளாட்பாரத்துக்கு அழைத்து வந்து காட்டினார்கள், சுலோச்சனா வாசலில் நின்று இரண்டு கையாலும் திருஷ்டி கழித்தாள். அம்மாவின் லேடீஸ் சைக்கிளில்தான் எழில் ஓட்டப் பழகினாள், அதிலேயே பெருந்தாங்கல் ஜவுளிக்கடை வேலைக்குப் போனாள், வண்டி வருவதற்குள் வியர்க்க வியர்க்க மிதித்துத் திரும்பி வந்து வட்டத்தில் நிற்பாள். வருஷம் ஓட ஓட அவள் முகம் வண்டி வாசலில் நின்ற முகத்தை எட்டிப்பிடித்தது. கடைசியில் பிளாட்பாரத்தில் ஒருத்தி, வண்டியில் ஒருத்தி, அக்கா தங்கச்சி என்றால் யாரும் நம்புவார்கள்.

ஏகாம்பரம் மாப்பிள்ளை கொண்டுவந்தபோதெல்லாம் எழில் ஒரு காரணம் சொல்லித் தள்ளினாள். அவளுக்கு ஏதோ தெரிந்திருந்தது. ஒரு நாள் வாடிக்கைக்காரர் ஒருவருக்குப் பஞ்சர் ஒட்ட டப்பாவைத் திறந்து உப்புத்தாளை எடுத்தவள் அடியில் இருந்ததைப் பார்த்தாள், பஞ்சரை ஒட்டிக் கொடுத்துவிட்டு உப்புத்தாளை அதே இடத்தில் வைத்து டப்பாவை மூடினாள்.

அந்தச் சமயத்தில்தான் புதுத் தண்டவாளம் போடப்போகிறார்கள், இடத்துக்காகப் பழைய பிளாட்பாரத்தை இடிக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. இந்தத் தடவை அறிவிப்பை எல்லோரும் படித்தோம். பிளாட்பாரம் போனால் அவர்களைப் பார்க்க ஊரில் வேறு இடமில்லை. டீக்கடையில், "ஒரு வழியா முடியட்டும்பா" என்று மெதுவாகச் சொன்னவர்களும் உண்டு. இடிப்பதற்கு முந்தின நாள் சாயங்கால வண்டிதான் கடைசிப் பார்வை என்று ஆயிற்று.

அதற்கு முதல்நாள் வண்டி போன பிறகு அப்பாவும் மகளும் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியார் சம்சாரம் மரத்துக்குப் பின்னாலிருந்து கேட்டுவிட்டு வந்து எங்களிடம் சொன்னது இது.

"அப்பா, அம்மா மேல இன்னா வாசன வரும்?"

ஏகாம்பரம் யோசித்தார். "கோந்து வாசன. எவ்ளோ தேச்சிக் குளிச்சாலும் போவாது. வெரல் இடுக்குல இருக்கும்."

"உனக்குத் தெரியுது. எனக்குத் தெரியலயே."

"கைக்கொழந்த, உனக்கு எங்க ஞாபகம் இருக்கப்போவுது?"

"தொட்டதே ஞாபகம் இல்லப்பா. தெனம் பாக்கறேன், போட்டோ பாக்கறாப்போலதான் இருக்குது. நீயாவது ரெண்டு மூணு வருசம் கூட இருந்தே."

அவர் அவள் தலையில் கை வைத்தார். "வா, போவலாம். சாப்ட்டியா மத்தியானம்?" தினமும் அவளிடம் கேட்கிற கேள்விதான் அது, வேறு எதுவும் கேட்க வராதபோது அதைத்தான் கேட்பார்.

"சாப்ட்டேம்பா" என்றாள்.

மறுநாள் ஏகாம்பரம் காலையிலேயே முகச் சவரம் செய்து, தலைக்குக் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். மகளுக்குக் கல்யாணம் ஆகவில்லை, கணக்கு முடியவில்லைதான், ஆனால் இனி முடியவும் போவதில்லை. வேலையில் இருக்கிறாள், வாத்தியார் சம்சாரம் பக்கத்தில் இருக்கிறார், பிழைத்துக்கொள்வாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எழில் வேலைக்குப் போயிருந்தாள், அல்லது அப்படித்தான் அவர் நினைத்தார். ஸ்டாண்டுச் சாவியை வாத்தியார் சம்சாரத்திடம் கொடுத்து, "பொண்ணு வந்தா குடுங்க" என்றார். மத்தியானம் வண்டி பிடிக்கக் கிளம்பும் முன் பஞ்சர் டப்பாவைத் திறந்தார். ரப்பர்த் துண்டு இருந்தது, சொல்யூஷன் ட்யூப் இருந்தது, உப்புத்தாள் இருந்தது, அதற்கு அடியில் ஒன்றும் இல்லை.

டப்பாவைத் தரையில் கவிழ்த்துக் கொட்டினார், மண்ணைக் கையால் தடவினார், இல்லை. அந்த மனிதர் எழுந்து பெருந்தாங்கல் பக்கம் கொஞ்ச தூரம் ஓடினார், சென்னை இருக்கும் திசையில் கொஞ்ச தூரம் ஓடினார், பிறகு இரண்டு பக்கமும் ஓடிப் பயனில்லை என்று தெரிந்து பிளாட்பாரத்தில் வந்து சுண்ணாம்பு வட்டத்துக்கு நடுவில் நின்றார். வெயில் இறங்கும்வரை அங்கேயே நின்றார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. நாங்கள் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தோம், வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார்.

சாயங்காலம் ஊரே வந்துவிட்டது, வருஷக்கணக்காக அந்தப் பக்கம் தலைகாட்டாதவர்கள்கூட வந்து பின்னால் நின்றார்கள். வாத்தியார் சம்சாரம் அன்று மரத்தை விட்டு வெளியே வந்து, நரைத்த தலையில் பூ வைத்துக்கொண்டு, தன் வட்டத்தில் போய் நின்றார். வண்டி வந்தது. வாத்தியார் அவரைப் பார்த்தார், யாரோ கிழவி என்று நினைக்கவில்லை, குடையைத் தூக்கி ஆட்டிச் சிரித்துக்கொண்டே போனார்.

லேடீஸ் பெட்டி வாசலில் இரண்டு பேர் நின்றார்கள். கத்திரிப்பூ நிறச் சேலையில் ஒருத்தி, பச்சைச் சுடிதாரில் ஒருத்தி. பச்சைச் சுடிதாரின் முகம் அம்மாவின் உள்ளங்கைகளுக்குள் புதைந்திருந்தது, விரல் இடுக்கை முகர்ந்துகொண்டிருந்தாள். வண்டி வட்டத்துக்கு நேரே வந்தபோது அவள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். வண்டியில் வெறுமனே போகிறவர்கள் பார்க்கிற பார்வை இல்லை அது, இறங்க முடியாமல் போன எங்கள் ஆட்கள் பார்க்கிற பார்வை. அவள் ஏதோ சொன்னாள், வாய் அசைந்தது, கேட்கவில்லை.

ஏகாம்பரத்துக்கு ஒரு வார்த்தைக்குத்தான் நேரம் இருந்தது. திட்டியிருக்கலாம், ஏம்மா இப்படிப் பண்ணினே என்று கேட்டிருக்கலாம், என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்று கதறியிருக்கலாம். அவர் வாயில் வந்தது இதுதான்:

"சாப்ட்டீங்களா?"

இரண்டு பேரும் சேர்ந்து தலையாட்டினார்கள். வண்டி போய்விட்டது.

அவர் பெருந்தாங்கலுக்கு நடந்து போனார். அந்த ஸ்டேஷன் வாசலில் இருந்த சைக்கிள் ஸ்டாண்டில் லேடீஸ் சைக்கிள் பூட்டி நின்றது, சாவியை எழில் ஸ்டாண்டுக்காரரிடமே கொடுத்திருந்தாள்.

"பொண்ணு வரலியாண்ணே?" என்று கேட்டார் ஸ்டாண்டுக்காரர்.

"அவங்கம்மா கூட இருக்குது" என்றார் ஏகாம்பரம். சைக்கிளில் ஏறவில்லை, ஜல்லிக்கு ஓரமாகவே உருட்டிக்கொண்டு, ஸ்டேஷன் வருவதற்கு முன்னால் எங்கள் ஊர் எப்படி நடந்து வந்ததோ அப்படி நடந்து வந்தார்.

மறுநாள் இயந்திரம் வந்து பிளாட்பாரத்தைப் பெயர்த்தது, புங்க மரமும் போயிற்று, இன்று அந்த இடத்தில் புதுத் தண்டவாளமும் கம்பி வேலியும்தான். ஏகாம்பரம் காலையில் சைக்கிள்களுக்குக் காற்றுப் பார்க்கிறார், லேடீஸ் சைக்கிளுக்கும் பார்க்கிறார். சாயங்காலம் வேலியைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறார். அங்கிருந்து ஒருவரும் தெரியமாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். வேலை முடிந்து அதே வண்டியில் வரும்போது நாங்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொள்கிறோம், ஆனால் காதை என்ன செய்வது? அவர் குரல் கேட்கிறது. "சாப்ட்டீங்களா?" எங்களுக்குப் பக்கத்தில் நின்று யார் தலையாட்டுகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. அடுத்தது பெருந்தாங்கல், பையை எடுத்துக்கொண்டு இறங்கத் தயாராகிறோம்.